40 சொல்லி 11 ஓடின டெஸ்ட்: குலசேகரம் ரப்பர் பால் எடை கேஸ்

எங்க சாஃப்ட்வேர் ஒரு கடையில ரப்பர் பால் எடைய தப்பா காட்டின கதை இது, இத முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு. எங்க டீமுக்குள்ள பேசினது, சண்டை போட்டது, கடைசியில எழுதி வச்சது எல்லாத்தையும் ஒரே இடத்துல போடுறேன், ஏன்னா இதே மாதிரி நாலஞ்சு பேரு சேந்து சாஃப்ட்வேர் பண்றவங்க நம்ம ஊர்ல இப்ப நெறைய பேரு இருக்காங்க, இதே குழியில அவங்களும் விழ வேண்டாம்.

நாங்க நாகர்கோவில் வடசேரி பக்கம் ஒரு மாடியில அஞ்சு பேரு. ரப்பர் பாலும் சீட்டும் (பால உறைய வச்சு காய வச்ச தகடு) எடுக்குற கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டு குடுக்கோம். ரப்பர் பக்கம் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். விடியறதுக்கு முன்னாடியே பால் வெட்டு (மரப்பட்டைய கீறி பால் எடுக்குறது), காலையில பத்து பதினோரு மணிக்குள்ள கேன்ல கடைக்கு வந்துரும். பாலுக்க எடைக்கு அப்படியே காசு கிடையாது. அதுல பாதிக்கு மேல தண்ணிதான், காஞ்ச ரப்பர் பொதுவா நூத்துக்கு முப்பதுல இருந்து நாப்பது வரைக்கும் இருக்கும், அதத்தான் டிஆர்சின்னு சொல்லுவாங்க. எடைய டிஆர்சியால பெருக்கி, அதை அன்னைக்கு ரேட்டால பெருக்கினா அதுதான் கையில வாங்குற காசு. எடை தப்பிச்சுன்னா எல்லாம் தப்பிச்சு.

என்ன நடந்துச்சு

குலசேகரத்துல ஒரு கடை. அங்க எடைமெஷினுக்க டிஸ்ப்ளே பொட்டி, அதாவது இண்டிகேட்டர், பழுதாகி புதுசு வாங்கிப் போட்டாங்க. பழசு சீரியல் கேபிள் வழியா ஒரு வரி அனுப்பும், நீளம் எப்பவும் ஒரே அளவு. புதுசு எடை ஆடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் கூடுதலா நாலு எழுத்து சேத்து அனுப்பும். அந்த வரிய வாங்குறது சி மொழியில எழுதின எங்க புரோகிராம். புதுசுக்குத் தக்க மாத்தினோம், மாத்த வேண்டிய இடத்துல ஒண்ண விட்டுட்டோம், ஒரு இடத்துல மட்டும் பழைய நீளத்துக்கே இடம் ஒதுக்கி இருந்துச்சு. நீள வரி வந்தா புரோகிராம் செத்துரும். செத்தா ரெண்டு செகண்ட்ல தானே எந்திரிச்சு மறுபடி ஓடும்படி செஞ்சு வச்சிருந்தோம், அது நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சோம், ஆனா அந்த நேரத்துல ஸ்கிரீன்ல பழைய எடை அப்படியே நிக்கும், பில் போடுற பையன் அதப் பாத்து எண்டர் தட்டிருவான்.

அப்படி ஒரு அம்மாக்க பால் 24.2 கிலோ, ஸ்கிரீன்ல நின்னது அவங்களுக்கு முன்னாடி வந்தவருக்க 18.5. டிஆர்சி 35. வித்தியாசம் 5.7 கிலோ பால், காஞ்ச ரப்பரா பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு கிலோ. அந்த அம்மா ரசீதப் பாத்துட்டு நகரல. "மக்களே, எனக்க பாலு இவ்வளவு கொறையாது, நான் தெனமும் இந்தக் கேனத் தூக்குறவளாக்கும்"னு சொல்லி நின்னாங்க. கை சொன்ன கணக்கு சரி, நம்ம மெஷின் சொன்னது தப்பு. அவங்க நிக்கலன்னா இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

கடையில கேன் எறக்குற தம்பி ஒரு நோட்டுல பென்சிலால எடைய குறிச்சு வைக்கிற பழக்கம் இருந்துச்சு, பழைய ஆளுக்க பழக்கம், அதுதான் காப்பாத்திச்சு. ரெண்டு நாளைக்குள்ள அத்தனை ரசீதையும் நோட்டோட ஒத்துப் பாத்து, கொறைஞ்சவங்களுக்கு கடைக்காரர் காச எண்ணிக் குடுத்துட்டாரு, அந்தக் காசு எங்க பில்லுல இருந்து கழிஞ்சுது, கழியத்தான் வேணும்.

டெஸ்ட் இருந்துச்சு, அதுதான் வயித்தெரிச்சல்

எனக்கு ராத்திரி தூக்கம் வராம போன விஷயம் இனிதான். நீள வரி வந்தா என்ன ஆகும்னு பாக்குறதுக்கு ஒரு டெஸ்ட், அதாவது புரோகிராம சோதிக்கிற குட்டி புரோகிராம், எழுதியே வச்சிருந்தோம். எடை புரோகிராமுக்கு மொத்தம் 40 டெஸ்ட், அதுல 12-வது அதுதான். கடைக்கு அனுப்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி அது ஓடிச்சு, ஓடி, சரியா அந்த இடத்துல செத்தும் போச்சு. டெஸ்ட் தன் வேலைய ஒழுங்கா செஞ்சுது. ஆனா ஸ்கிரீன்ல பச்சை, அதாவது எல்லாம் சரின்னு, வந்துச்சு, நாங்க அனுப்பிட்டோம்.

எப்படி பச்சை வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தா மூணு ஓட்டை ஒரே கோட்டுல நின்னுச்சு.

முதல் ஓட்டை, எங்க டெஸ்டுகள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாஷை பேசிச்சு. பில்லிங் பைத்தான்ல, அது புள்ளி புள்ளியா போட்டு கடைசியில ஓகேன்னு சொல்லும். டேட்டாபேஸ் ஃபங்ஷன் டெஸ்ட் போஸ்ட்கிரெஸ்ல, அது சரின்னா டி, தப்புன்னா எஃப்னு ஒரு எழுத்து. பேக்கப் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதின தம்பி தமிழ்லயே "தப்பு"ன்னு அடிக்க வச்சிருந்தான். சி டெஸ்ட் ஒவ்வொண்ணும் முடிஞ்ச பிறகு ஒரு வரி, "பாஸ்ட்". இதையெல்லாம் சேத்து ஓட்டுற ஸ்கிரிப்ட் என்ன பண்ணும்னா, எல்லா அவுட்புட்டையும் ஒரு லாக் ஃபைல்ல சேத்து, அதுல "ஃபெயில்"னு இங்கிலீஷ்ல எங்கயாவது இருக்கான்னு தேடும். இல்லன்னா பச்சை. யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுமே சொல்லாம செத்துப் போனதும் அதுக்கு பச்சைதான், "தப்பு"ன்னு தமிழ்ல கத்தினதும் பச்சைதான்.

ரெண்டாவது ஓட்டை, லாக்ல சேக்குறதுக்கு அவுட்புட்ட பைப் போட்டு (ஒரு கமாண்டுக்க அவுட்புட்ட அடுத்ததுக்குள்ள விடுறது) டீ-ங்கிற கமாண்டுக்குள்ள (ஸ்கிரீனுக்கும் ஃபைலுக்கும் சேத்து எழுதுறது) விட்டிருந்தோம். ஷெல்ல பைப் போட்டா கடைசி கமாண்டுக்க எக்ஸிட் கோட் (நல்லா முடிஞ்சுதா இல்லையான்னு சொல்ற எண்) தான் வெளிய வரும், முன்னாடி நிக்குறது செத்தாலும் டீ நல்லா முடிஞ்சா எல்லாம் நல்லா முடிஞ்ச மாதிரிதான். பைப்ஃபெயில்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணியிருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும்.

மூணாவதுதான் எனக்கே புதுசா இருந்துச்சு. லாக்க தொறந்து பாத்தா சி டெஸ்டுக்க இடத்துல ஒரு எழுத்து கூட இல்ல, முதல் 11 டெஸ்ட் ஓடினதுக்கு அடையாளமே இல்ல. சி-ல பிரிண்ட் பண்றது டெர்மினலுக்குப் போனா வரி வரியா உடனே போகும், பைப்புக்குள்ள போனா ஒரு பெரிய பொட்டலம் நெறையற வரைக்கும் உள்ளயே சேத்து வைக்கும். புரோகிராம் நடுவுல செத்தா உள்ள கெடக்குற பொட்டலமும் கூடவே போயிரும். அதனால கையால ஓட்டிப் பாக்கும்போது வரி எல்லாம் வரும், ராத்திரி தானா ஓடும்போது வராது. இந்த ஒண்ணக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு நாள் போச்சு.

ஏன் டாப்

தீர்வுன்னு பேச ஆரம்பிச்சப்போ முதல்ல வந்தது ஜேயூனிட் எக்ஸ்எம்எல்ங்கிற டெஸ்ட் ரிப்போர்ட் ஃபார்மேட், ஏன்னா பெரும்பாலான சிஐ டூல் (டெஸ்டுகள தானா ஓட்டுற டூல்) அதப் படிக்கும். ஆனா அதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே அதிகாரபூர்வ ஸ்பெக் (எப்படி எழுதணும்னு சொல்ற விதி டாக்குமெண்ட்) கிடையாது, ஒவ்வொரு டூலும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி எழுதும். அதவிட முக்கியமா, நடுவுல செத்தா எக்ஸ்எம்எல் மூடாம நிக்கும், படிக்கிற டூலுக்கு மொத்தமும் குப்பை. எங்களுக்கு வேண்டியது வரி வரியா வர்ற ஒண்ணு, செத்தாலும் அதுவரைக்கும் சொன்னது நிக்கணும், ஷெல்லுல இருந்து சி வரைக்கும் வெறும் பிரிண்ட்ல எழுத முடியணும்.

அப்படித்தான் டாப், அதாவது டெஸ்ட் எனிதிங் புரோட்டோகால், கிட்ட வந்தோம். (கடைக்காரர் போன்ல கேட்டுட்டு "டாப்பிங் தானே, அது நம்ம வேலையாச்சே"ன்னாரு, அவருக்கு டாப்பிங்னா பால் வெட்டு.) இது புதுசு இல்ல. 1987-ல லாரி வால் பெர்ல் மொழிக்க முதல் வெர்ஷன் விட்டப்போ கூடவே வந்த டெஸ்ட் ஸ்கிரிப்ட்ல இருந்து ஆரம்பிச்சது. அப்புறம் டிம் பன்ஸும் ஆண்ட்ரியாஸ் கோனிக்கும் டெஸ்ட் ஹார்னஸ் (டெஸ்டுகள ஓட்டி முடிவ எண்ணிச் சொல்றது) மாட்யூல்ல வளத்தாங்க. ஆனா ரொம்ப வருஷம் இது ஒரு பழக்கமாத்தான் இருந்துச்சு, ஹார்னஸ் எதப் புரிஞ்சுக்குதோ அதுதான் ஃபார்மேட். பின்னாடி 2000-க்கு அப்புறம்தான் மைக்கேல் ஷ்வெர்ன் எழுதி வச்சிருந்தத வச்சு ஆன்டி லெஸ்டர் தனி டாக்குமெண்ட்டா ஆக்கினாரு. இப்ப கிட் (கோட் மாத்தினத எல்லாம் பதிஞ்சு வைக்கிற டூல்) புராஜெக்டுக்க சொந்த டெஸ்டெல்லாம் டாப்லதான் பேசும், லினக்ஸ் கெர்னல்ல கேடாப்னு அதுக்க ஒரு வகை இருக்கு, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு பிஜிடாப், பாஷ் ஸ்கிரிப்டுக்கு பேட்ஸ். பெர்லே தெரியாதவங்க இவ்வளவு பேரு ஒரே மாதிரி எழுதுறாங்கன்னா அதுக்கு அந்த எழுதி வச்ச டாக்குமெண்ட் தான் காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

ஃபார்மேட் இவ்வளவுதான், பாருங்க (நெசத்துல ஓகே, நாட் ஓகே எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல வரணும், இங்க தமிழ்ல எழுதுறேன்):

1..4
ஓகே 1 - நெலையான எடை வரிய படிக்கும்
ஓகே 2 - வெறும் வரி வந்தா விட்டுடும்
நாட் ஓகே 3 - மைனஸ் எடைய ஏத்துக்காது
ஓகே 4 - கேபிள் கழண்டா ஸ்கிரீன அழிக்கும்

மேல இருக்குற 1..4 தான் பிளான். நான் நாலு டெஸ்ட் ஓட்டப் போறேன்னு முதல்லயே வாக்கு குடுக்குறது. நாலு வரலன்னா, எத்தனை ஓகே வந்தாலும் அது தோல்விதான். எங்க கேஸ் முழுக்க இந்த ஒரு வரி இல்லாததால வந்தது. நாங்க இத்தனை நாளா தப்பு நடந்தா யாராவது கத்துவாங்கன்னு காதத் தீட்டிக்கிட்டு இருந்தோம், கத்துறவனே செத்துட்டா என்ன ஆகும்னு யோசிக்கல. பிளான் இருந்தா சத்தம் வராததும் தப்புதான்னு ஆயிருது.

எழுதி வைக்கிறது

டாப்னு முடிவு பண்ணினதும் தம்பி ஒருத்தன் "ஸ்பெக் இருக்கே, லிங்க் அனுப்பிட்டா போதாதா, நாம வேற எதுக்கு எழுதணும்"னு கேட்டான். எங்ககூட இருக்குற அண்ணனுக்கு அருமனை பக்கம் ரப்பர் தோட்டம் உண்டு, அவரு சொன்ன பதிலுதான் எல்லாரையும் உக்கார வச்சுது. "எடே, சீட்டுக்கு ஆர்எஸ்எஸ் (ரிப்டு ஸ்மோக்டு சீட், புகையில காய வச்ச சீட்) ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் கிரேடு உண்டுல்லா? எவ்வளவு பூசணம், எவ்வளவு குமிழி, என்ன நிறம் வரைக்கும் விடலாம்னு எழுதி இருக்கு. அதனாலதான் குலசேகரத்துல இருக்குறவரு போன்ல நாலுன்னு சொன்னா கோட்டயத்துல இருக்குறவரு சீட்டப் பாக்காமலே வெல பேசுறாரு. ஆனா நம்ம கடையில நனஞ்ச சீட்ட எடுப்போமா மாட்டோமான்னு அந்த புக்குல இருக்காது, அத நம்மதான் எழுதணும்." ஸ்பெக் நெறைய விஷயத்த ரெண்டு விதமாவும் செய்ய விடுது, நாம எதச் செய்வோம்னு நம்மதான் எழுதணும், அதுதான் அவரு சொன்னது.

அப்படி ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதி புரோகிராம் கோடு கூடவே வச்சோம், ஒவ்வொரு விதிக்கும் கீழ ஏன்னு காரணம். காரணம் இல்லாத விதிய ஆறு மாசம் கழிச்சு யாராவது "இது எதுக்கு"ன்னு தூக்கிப் போட்டுருவாங்க.

ரொம்ப நேரம் சண்டை ஓடினது பிளான பத்தித்தான். டாப்ல பிளான முதல்லயும் போடலாம், கடைசியிலயும் போடலாம். கடைசியில போட்டாலும் நடுவுல செத்தா பிளானே வராது, ஹார்னஸ் புடிச்சுரும், அப்ப என்ன பிரச்சினைன்னு தம்பி கேட்டது ஞாயம்தான். ஒவ்வொரு டெஸ்ட் சேக்கும்போதும் மேல போயி நம்பர மாத்துறது எரிச்சல், ரெண்டு பேரு ஒரே நேரத்துல மாத்தினா மெர்ஜ்ல, அதாவது ரெண்டு பேரு கோடையும் ஒண்ணா சேக்கும்போது, முட்டும். ஆனா சாகுறது மட்டும் இல்லயே. எங்க பில்லிங்ல ஒரு ஃபோல்டர்ல இருக்குற சாம்பிள் ரசீதுகள ஒவ்வொண்ணா எடுத்து சோதிக்கிற டெஸ்ட் ஒண்ணு உண்டு. ஃபோல்டர் பேரு மாறிப் போச்சுன்னா லூப் ஒரு தடவ கூட ஓடாது, கடைசியில எண்ணிப் பாத்து 1..0 ன்னு பிளான் போடும். டாப்ல 1..0 ன்னா என்ன அர்த்தம் தெரியுமா, மொத்த ஃபைலையும் வேணும்னே ஸ்கிப் பண்ணிட்டேன்னு அர்த்தம், ஹார்னஸ் அத தோல்வியா எடுக்காது. மறுபடி அதே பச்சை! இதச் செஞ்சு காட்டினதும் தம்பி ஒத்துக்கிட்டான். பிளான் முதல்ல, நம்பர் மனுஷன் கையால எழுதினது, ஃபோல்டர் பாத்து ஓடுறதுன்னா இத்தனை ரசீது இருக்கணும்னு கொறஞ்ச அளவு ஒண்ணு. 1..0 வேணும்னா ஸ்கிப் காரணம் கட்டாயம்.

ஸ்கிப்பும் டூடூவும் வேற வேறன்னு தனியா எழுதினோம். எடைமெஷின் மாட்டாத லேப்டாப்ல ஓட்டினா அந்த டெஸ்ட் ஸ்கிப். செய்ய வேண்டியது, இன்னும் செய்யலன்னா டூடூ, அது நாட் ஓகே வந்தாலும் தோல்வியா எண்ணாது, அதனாலயே ஆபத்தானது, தேதியும் பேரும் இல்லாத டூடூவ ரிவ்யூல விட மாட்டோம். டேட்டாபேஸே கிடைக்கலன்னா இருநூறு நாட் ஓகே அடிக்காம பெயில் அவுட் ஒரு வரி போட்டு நிறுத்திரணும்.

அப்புறம் சி-க்குன்னு ஒரு விதி, ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஃபிளஷ் பண்ணணும், அதாவது உள்ள சேத்து வச்சத உடனே வெளிய தள்ளணும். இது டாப் ஸ்பெக்குக்கு வெளிய உள்ள விஷயம், ஆனா எங்க டாக்குமெண்ட்ல இதுதான் ரெண்டாவது விதி.

தோத்தா என்ன காரணம்னு சொல்றதுக்கு வெர்ஷன் 13-ல யாமல் (பேரும் மதிப்புமா எழுதுற ஒரு ஃபார்மேட்) துண்டு சேக்கலாம். 2022-ல வெர்ஷன் 14 வந்து சப்டெஸ்ட் (டெஸ்டுக்குள்ள டெஸ்ட்) எல்லாம் முறைப்படி சேந்துருக்கு, எங்களுக்கு இப்போதைக்கு 13 போதும்னு அங்கயே நின்னோம்:

நாட் ஓகே 7 - 24.2 கிலோ பாலுக்கு காஞ்ச ரப்பர்
  ---
  எதிர்பாத்தது: 8.470
  கிடைச்சது: 6.475
  டிஆர்சி: 35
  ...

இதுல இருக்குற எண்ணு அந்த அம்மாக்க ரசீதுல இருந்து எடுத்தது. அத டெஸ்டா ஆக்கணும்னு நான்தான் சொன்னேன்.

ஓட்டிப் பாத்தப்போ வந்த ஒரு சிக்கல்

விதி எழுதின அடுத்த நாளே ஷெல் டெஸ்ட் ஒண்ணு சிவப்பு, ஹார்னஸ் சொல்லுது வரிசை தப்பிருக்கு, 3 எதிர்பாத்தேன் 60 வந்துச்சுன்னு. எங்க 60 டெஸ்ட் இருக்குன்னு முழிச்சோம். வரியப் பாத்தா:

ஓகே 60 சதவீத டிஆர்சி போட்டா ஏத்துக்கக் கூடாது

தோட்டத்துப் பாலு 60 வராது, சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு கெட்டியாக்கின பாலுதான் அப்படி வரும், அதனால அந்த டெஸ்ட் நல்ல டெஸ்டுதான். ஆனா டெஸ்ட் நம்பர் போடாம விட்டதால ஹார்னஸ் 60-ஐயே நம்பரா எடுத்துக்கிச்சு. டெஸ்ட் பேரு எண்ணுல ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஸ்பெக்லயே இருக்கு, எங்க ரெண்டு பக்கத்துல நாங்க அத விட்டிருந்தோம். நம்பர் கட்டாயம், அப்புறம் ஒரு சின்னக் கோடு (-), அப்புறம்தான் பேருன்னு சேத்தோம். லாட் நம்பருக்கு நாங்க போடுற ஹேஷ் (#) குறியையும் பேருல இருந்து எடுத்தோம், டாப்ல ஹேஷுக்குப் பிறகு வர்றதுதான் ஸ்கிப்பும் டூடூவும்.

பழைய கோட மறுபடி ஓட்டினது

இது எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா ஒண்ணு செஞ்சோம். அன்னைக்கு ராத்திரி அனுப்பின அதே பழைய எடை புரோகிராம், ஒரு எழுத்து மாத்தாம, கிட்ல இருந்து எடுத்தோம். அதே 40 டெஸ்ட், சொல்ற விதம் மட்டும் புதுசு. அஞ்சு பேரும் ஒரே ஸ்கிரீன் முன்னாடி நின்னோம்.

1..40 வந்துச்சு. ஓகே 1, ஓகே 2, இப்படி ஓகே 11 வரைக்கும். அப்புறம் ஒண்ணும் இல்ல. ஒரு செகண்டு கழிச்சு கீழ சிவப்புல, 40 டெஸ்ட் பிளான் பண்ணி 11 தான் ஓடிச்சு, எக்ஸிட் ஸ்டேட்டஸ் சைபர் இல்லன்னு வந்துச்சு. யாரும் ஒண்ணும் பேசல, அண்ணன் மட்டும் "இது அன்னைக்கு வந்திருக்கணும்டே"ன்னாரு.

இப்ப புதுசா எந்தக் கடைக்கு எந்த எடைமெஷின் மாட்டினாலும் அது அனுப்புற வரிகள ஒரு நாள் முழுக்க பதிஞ்சு எடுத்துட்டு வந்து டெஸ்ட் ஃபைல்ல போட்ட பிறகுதான் அனுப்புறோம். கேன் எறக்குற தம்பிக்க பென்சில் நோட்ட நிறுத்தக் கூடாதுன்னு கடைக்காரர்ட்ட நாங்களே சொல்லியிருக்கோம். எடை டெஸ்டுக்க முதல் வரி இப்ப 1..43. கூடின மூணும் அந்த புது இண்டிகேட்டர் அனுப்புற நீள வரிக்குள்ளது.